புதியவர்களுக்கு மட்டும்

உதவி செய்யாதீங்கன்னு உங்ககிட்ட யாராவது சொல்லியிருக்காங்களா தம்பி? கோபத்துல இல்ல, மரியாதையா. 'சார், தயவு செஞ்சு எனக்கு உதவி செய்யாதீங்க.' ஒரே வரி. உலகத்துல இருக்கறவன் எல்லாம் படிக்கிற இடத்துல அந்தப் பொண்ணு எழுதிப் போட்டுருச்சு. இன்னைக்கும் அது அங்கதான் இருக்கு. யார் வேணா போய்ப் படிக்கலாம்.

நல்லா உக்காருங்க. அந்தப் பையைக் கால்கிட்டத் தள்ளிடுங்க, உடையற சாமான் ஒண்ணும் இல்ல, ஆற்காடு மக்கன் பேடா. பெங்களூர்ல கொடுக்கறதுக்கு. நீங்க எது வரைக்கும்? பெங்களூரேவா, நல்லதாப் போச்சு. வேலூர்ல ஏறினா ஓசூர் வரைக்கும் பேச்சுத்துணை இல்லாமப் போறது பெரிய தண்டனை.

என் பேரு தணிகாசலம். ராணிப்பேட்டை. அங்க ஒரு தோல் கம்பெனியில கம்ப்யூட்டர் செக்‌ஷன் பாத்துக்கிட்டு இருந்தேன். ஷூவோட மேல்பாகத்தைத் தைச்சு வெளிநாட்டுக்கு அனுப்பற கம்பெனி. சம்பளம், சரக்கு, பில்லு, எல்லாத்துக்கும் புரோகிராம் எழுதினது நான்தான். கம்பெனி கை மாறுச்சு. புதுசா வந்தவங்க வெளியில இருந்து ஒரு சாஃப்ட்வேர் வாங்கி வச்சாங்க, என் கையைக் குலுக்கி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தாங்க. ஐம்பத்தஞ்சு வயசு எனக்கு அப்போ. ஓய்வுக்கும் சின்ன வயசு, வேலைக்கும் பெரிய வயசு.

வீட்டுல செண்பகம், என் சம்சாரம், தையல் வகுப்பு நடத்தறா. நான் கூடத்துல உக்காந்தா, 'ஏங்க, கொஞ்சம் உள்ள போறீங்களா, அளவு எடுக்கணும்'னுவா. உள்ள போய் உக்காந்தா, 'ஏங்க, பீரோ திறக்கணும், கொஞ்சம் வெளிய வரீங்களா'னுவா. இந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல ஒரு மனுஷன் எவ்வளவு நாள் நிப்பான், சொல்லுங்க.

அப்பதான் கூடு கிடைச்சுது. கூடுன்னா வீடு இல்ல. கம்ப்யூட்டரைப் போட்டதும் முதல்ல ஒண்ணு எழுந்திரிச்சு நிக்குமில்ல, அதுமேலதான் மத்ததெல்லாம் ஓடும், ஆபரேட்டிங் சிஸ்டம்னு சொல்றது, அது. கடையில விக்கறது ஒரு வகை. இது சும்மா கிடைக்கிறது. சும்மா கிடைக்கிறதோட நிக்கல, உள்ள என்ன எழுதியிருக்குன்னு யாரு வேணா திறந்து பாக்கலாம், திருத்தம் சொல்லலாம். சரியா இருந்தா சேத்துக்குவாங்க. வேலை செய்யறவங்க ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது, எல்லாம் மனசோட வர்றவங்க. என்னோட பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிக்கிட்டுக் கிடந்துச்சு. கூடு போட்டதும் எழுந்து உக்காந்துருச்சு. அதோட இணையப் பக்கத்துலயே கீழ எழுதியிருந்தாங்க, 'நீங்களும் சேரலாம், புதியவர்களும் வரலாம்.' அந்தப் 'புதியவர்களும்' அப்படிங்கற வார்த்தையையே பாத்துக்கிட்டு இருந்தேன் தம்பி. என்னை யாரும் புதியவன்னு சொல்லி ரொம்ப வருஷம் ஆச்சு.

அங்க ஒரு வழக்கம். செய்ய வேண்டிய வேலையெல்லாம் வரிசையா எழுதிப் போட்டிருப்பாங்க. அதுல சிலதுக்குப் பக்கத்துல பச்சையா ஒரு சீட்டு. 'புதியவர்களுக்கு மட்டும்.' சின்னச் சின்ன வேலை. புதுசா வர்றவன் அதுல ஒண்ணைச் செஞ்சா, எப்படி அனுப்பறது, எப்படித் திருத்தம் வாங்கறதுன்னு பழகிக்குவான். யாராவது எடுத்தா கீழ 'நான் எடுத்துக்கிறேன்'னு எழுதணும். பஸ் ஜன்னல் வழியா சீட்டுல துண்டு போடறோமே, அதே மாதிரிதான். துண்டு கிடந்தா வேற யாரும் உக்கார மாட்டாங்க. அதாவது, உக்காரக் கூடாது.

முதல் வேலைக்கு நான் ரொம்பத் தவிச்சேன், ஒத்துக்கறேன். பேட்டரி எவ்வளவு இருக்குன்னு ஓரமா ஒரு படம் காட்டுமில்ல, அது நிறைஞ்ச பிறகும் நிறையலன்னு காட்டுச்சு. அதைச் சரிபண்ணி அனுப்பினேன். யானோஷ்னு ஒருத்தர், ஹங்கேரிக்காரர், அவர்தான் பாத்து ஒப்புதல் கொடுக்கறவர். 'இங்கே ஒரு வெற்று வரி அதிகமாக இருக்கிறது'ன்னு குறிப்பு போட்டார். நான் விட்டுடுவேனா? கம்பெனியில மெமோவுக்குப் பதில் எழுதிப் பழக்கப்பட்ட கை. தங்கள் குறிப்பு கண்டேன், மேற்படி வெற்று வரி கவனக்குறைவால் அல்ல, படிப்பவர் வசதிக்காகவே விடப்பட்டது, இருப்பினும் தங்கள் மூப்பைக் கருதி நீக்கிவிட்டேன், இப்படி ஒரு பக்கம். அந்த மனுஷனுக்கு முப்பது வயசுகூட இருக்காதுன்னு பிறகுதான் தெரிஞ்சுது. ஃபர்ஹானா தனியா ஒரு செய்தி அனுப்புச்சு, 'சார், சரின்னு சொன்னாப் போதும்.'

ஃபர்ஹானாவைச் சொல்லலையே. வாணியம்பாடிப் பொண்ணு. பெங்களூர்ல வேலை. கூடுல புதுசா வர்றவங்களைக் கவனிக்கிற பொறுப்பு அதுக்கு. தங்கமான பொண்ணு, பேச்சு மட்டும் கொஞ்சம் சுத்தி வளைச்சு வரும்.

திருத்தத்தைச் சேத்துக்கிட்டாங்க. 'கூட்டுக்கு நல்வரவு, தணிகாசலம்'னு போட்டாங்க. சார் கிடையாது, ஐயா கிடையாது, வெறும் பேரு. முதல்ல சுருக்குன்னு இருந்துச்சு, பிறகு பிடிச்சுப் போச்சு. செண்பகத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாத்தா. 'சந்தோஷம். கண்ணாடி போட்டிருக்கும்போதே இந்த ஊசியில நூலைக் கோத்துக் கொடுத்துடுங்க'ன்னா.

பேசுங்க தம்பி, போன் வருதே, பேசிட்டு வாங்க. நான் எங்கயும் போயிடல.

வீட்டுலயா? எல்லாரும் சௌக்கியம்தானே. சரி.

எங்க விட்டேன்? ஆங். எங்க பழைய முதலாளி ஒரு பழக்கம் வச்சிருந்தார். சாயங்காலம் ஒரு சுத்து வருவார். யாரு மேஜையில காகிதம் மிச்சம் இருக்கோ அவன்கிட்ட ஒண்ணும் பேச மாட்டார், அந்தக் காகிதத்தை மட்டும் விரலால ஒரு தட்டுத் தட்டிட்டுப் போவார். திட்டினாக்கூட தாங்கிக்கலாம், அந்தத் தட்டு தூங்க விடாது. என் மேஜையில அவர் ஒரு தடவைகூடத் தட்டினதில்ல. அப்படி வளந்தவன் நான். இங்க வந்து பாத்தா, பச்சைச் சீட்டு வேலை எல்லாம் வாரக்கணக்கா அப்படியே கிடக்கு. கை அரிக்காதா?

ஒவ்வொண்ணா முடிச்சேன். பழகப் பழக வேகம் வந்துருச்சு. வெள்ளிக்கிழமை காலையில ஃபர்ஹானா புதுசாப் பச்சைச் சீட்டு போடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி துடைச்சு வச்சுடுவேன். அந்த மாசம் அதிகமா வேலை முடிச்சவங்க வரிசையில முதல் பேரு யாருது? ரெண்டாவது பேரைப் பாக்கணும்னா கீழ தேடிக்கிட்டுப் போகணும். ஜெர்மனிக்காரன், பிரேசில்காரன், எல்லாரும் எனக்குக் கீழ.

அப்பதான் ஃபர்ஹானா முதல் தடவை போன் பண்ணுச்சு. 'சார், நீங்க இப்ப புதியவர் இல்ல சார்.'

'அப்படிச் சொல்லாதம்மா, நான் இன்னும் கத்துக்கிட்டுதான் இருக்கேன்.'

'இல்ல சார், நல்லாவே கத்துக்கிட்டீங்க. நம்ம ப்ரிண்டர் பகுதி கேட்பாரில்லாமக் கிடக்கு சார். அந்தப் பழைய புள்ளி ப்ரிண்டர், டர்ர்ருன்னு சத்தம் போடுமே, அது இன்னும் எத்தனையோ கூட்டுறவு சங்கத்துல, ரேஷன் ஆபீஸ்ல ஓடிக்கிட்டு இருக்கு. கூடு போட்டா அது அச்சடிக்க மாட்டேங்குது. பாத்துக்கிட்டு இருந்தவர் விலகிட்டார். எங்க யாருக்கும் அந்த ப்ரிண்டரைக் கண்ணால பாத்த அனுபவம்கூட இல்ல. நீங்க அதோடயே வாழ்ந்தவர்னு சொல்லியிருக்கீங்க.'

வாழ்ந்ததுதான். எங்க கம்பெனியில அந்த ப்ரிண்டருக்கு உடம்புக்கு வந்தா என்னைத்தான் தேடுவாங்க. சத்தத்தை வச்சே சொல்லிடுவேன், ரிப்பன் மாட்டிக்கிச்சா, ஊசி மழுங்கிருச்சான்னு. ஆனா அதுக்கு உள்ள இருக்கற புரோகிராமைத் தொடறது பெரியவங்க வேலையில்லையா தம்பி? மனுஷனுக்கு அடக்கம் வேணும். 'அதெல்லாம் அனுபவசாலிங்க செய்யட்டும்மா, எனக்கு இந்தச் சின்ன வேலையே போதும்'னு சொன்னேன். 'சரி சார்'னு சட்டுன்னு போனை வச்சுருச்சு. என் அடக்கத்தைப் பாத்துத் திகைச்சுப் போயிருக்கும்.

ஒரு தடவை திறந்து பாத்தேன் அந்தப் பகுதியை. பாக்காம இல்ல. பக்கம் பக்கமாப் போய்க்கிட்டே இருந்துச்சு. எவனோ ஒருத்தன் நடுவுல, 'இது ஏன் வேலை செய்கிறது என்று எனக்கே தெரியவில்லை'ன்னு எழுதி வச்சிருக்கான். மூடிட்டேன். அன்னைக்குக் கண்ணு வலி வேற. பயமா தணிகாசலம்னு என்னையே கேட்டேன். என்கிட்ட ஒரு பழக்கம் தம்பி, எதுன்னாலும் முதல்ல என்னையேதான் கேட்டுக்குவேன். அந்த விஷயத்துல எனக்கு நானே தயவு காட்டறதில்ல. நல்லா யோசிச்சேன். பயமெல்லாம் இல்ல, கண்ணு வலிதான்.

செண்பகம்கிட்ட சொன்னப்ப அவ என்ன சொன்னா தெரியுமா? 'எல்கேஜியில முதல் ரேங்க் வாங்கிட்டு, யூகேஜிக்குப் போக மாட்டேன்னு அங்கயே உக்காந்திருக்கீங்க'ன்னா. தையல் வகுப்புப் பொண்ணுங்க எதிர்லயே. அதுங்க எல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிக்குதுங்க. படிக்காதவ இல்ல, பிஎஸ்சி. ஆனா இந்தத் துறை அவளுக்குப் புரியாது.

இப்ப அந்தப் பொண்ணு விஷயத்துக்கு வரேன். ஜெசிந்தா. தூத்துக்குடி. புதுசா வர்றவங்க தங்களைப் பத்தி நாலு வரி எழுதற பக்கம் ஒண்ணு இருக்கு, அதுல எழுதியிருந்துச்சு. முன்னாடி சென்னையில வேலை பாத்திருக்கு. குழந்தை பிறந்ததும் விட்டுட்டு ஊருக்கு வந்துருச்சு. வீட்டுக்காரர் கப்பல்ல. அஞ்சாறு வருஷம் ஓடிப்போச்சு, இப்ப எங்க விண்ணப்பம் போட்டாலும் 'இந்த இடைவெளி ஏன்'னு கேட்டுட்டு விட்டுடறாங்களாம். அந்த மாதிரி வேலையை விட்டவங்க திரும்பி வர்றதுக்குன்னு ஒரு ஆறு மாசப் பயிற்சி இருக்கு, உதவித்தொகையோட. முடிச்சா வேலை கிடைக்கிறது உறுதி மாதிரி. அதுக்கு ஒரே ஒரு நிபந்தனை. கூடு மாதிரி ஏதாவது ஒண்ணுல, கடைசித் தேதிக்குள்ள, தானே செஞ்ச ஒரு திருத்தமாவது சேந்திருக்கணும். ஒண்ணே ஒண்ணு போதும். அதைத்தான் எழுதியிருந்துச்சு, 'எனக்கு ஒன்று போதும்'னு.

படிச்சுட்டு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு தம்பி. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்தப் பொண்ணுக்கு நம்மால ஆனதைச் செய்யறதுன்னு.

முதல்ல ஒரு பச்சைச் சீட்டை எடுத்துச்சு. 'நான் எடுத்துக்கிறேன்'னு எழுதுச்சு. நாலு நாள் சத்தமே இல்ல. அப்புறம் 'குழந்தைக்குக் காய்ச்சல், இரண்டு நாளில் அனுப்புகிறேன்'னு ஒரு வரி. எனக்கு மனசு கேக்கல. காய்ச்சல்ல கிடக்கிற குழந்தையை மடியில வச்சுக்கிட்டு ஒரு பொம்பள புரோகிராம் எழுதணுமா? அன்னைக்கு மத்தியானமே நான் முடிச்சு அனுப்பிட்டேன். கீழ எழுதினேன், 'வேலை முடிந்தது. நிம்மதியாகக் குழந்தையைக் கவனியுங்கள்.' இதுல என்ன தப்பு, சொல்லுங்க. பதில் வரல. வராட்டி என்ன, நாம நன்றியை எதிர்பாத்தா செய்யறோம்?

ரெண்டாவது ஒண்ணு எடுத்துச்சு. இந்தத் தடவை பாதி செஞ்சு, பாதியை எல்லாரும் பாக்கற மாதிரி போட்டிருந்துச்சு. பாத்தேன். பாதி வீட்டைக் கட்டி நிறுத்தின மாதிரி இருக்கு, மழை வந்தா என்ன ஆகும். மிச்சத்தை நான் போட்டு அனுப்பிட்டேன். யானோஷ் சேத்துக்கிட்டார். வேலை என் பேர்ல விழுந்துச்சு, அது இயந்திரம் பண்றது, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்.

மூணாவதுல நான் ரொம்ப ஜாக்கிரதையா இருந்தேன். ஃபர்ஹானா சொல்லியிருந்துச்சு, 'சார், வேணும்னா குறிப்பு மட்டும் கொடுங்க, வேலையை அவங்களே செய்யட்டும்.' சரின்னு குறிப்பு கொடுத்தேன். முழுசாக் கொடுத்தேன், முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும். அரைகுறையாக் கொடுத்து எனக்குப் பழக்கமில்ல. அந்தப் பொண்ணு பாவம் அதைப் பாத்து எழுதி அனுப்பினா, பயிற்சிக்காரங்க இது நீங்க செஞ்சது இல்லையேன்னுட்டாங்களாம். அங்கதான் வந்துச்சு அந்த வரி. 'சார், தயவு செஞ்சு எனக்கு உதவி செய்யாதீங்க.'

அன்னைக்கு நான் சாப்பிடல தம்பி. என் சர்வீஸ்ல என்னைப் பாத்து யாரும் அப்படிச் சொன்னதில்ல. உதவி கேட்டு வந்தவன்தான் இருக்கான். தணிகாசலம், உன் மேல தப்பு இருக்கான்னு அப்பவும் என்னைக் கேட்டேன். ஒவ்வொண்ணா எடுத்து வச்சுப் பாத்தேன். வேகமாச் செஞ்சது தப்பா, இல்ல. சரியாச் செஞ்சது தப்பா, இல்ல. நல்ல எண்ணமா, சத்தியமா நல்ல எண்ணம். கடைசியில ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சுது. முதல் தடவையிலயே நான் அந்தப் பொண்ணுகிட்ட நேரடியாப் பேசியிருக்கணும், அப்ப என் குணம் அதுக்குப் புரிஞ்சிருக்கும். அது என் தப்புதான். அதை நான் மறைக்கல.

வாணியம்பாடி வந்துருச்சு. டீ குடிக்கிறீங்களா? வேணாமா. ஃபர்ஹானாவோட ஊரு இது.

ரெண்டாவது தடவை அது போன் பண்ணினப்ப சுத்தி வளைக்கல. 'சார், ஒண்ணு கேக்கறேன். அந்தப் பச்சைச் சீட்டு வேலையெல்லாம் நாங்க ஏன் செய்யாம வச்சிருக்கோம்னு நினைக்கிறீங்க?'

'நேரம் இருக்காதும்மா. எல்லாரும் வேலைக்குப் போறவங்க.'

'அதுல ஒவ்வொண்ணும் யானோஷ் அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடுவார் சார். வேணும்னேதான் விட்டு வச்சிருக்கோம். அது செஞ்சு முடிக்கிறதுக்கு இல்ல, இன்னொருத்தர் வந்து செய்யறதுக்கு. ஒரு வேலையை எடுத்து இவ்வளவு சின்னதா நறுக்கி, விளக்கம் எழுதிப் போட எனக்கு ஒரு சாயங்காலம் ஆகுது சார். இந்த மூணு மாசத்துல புதுசா வந்தவங்க ஒருத்தரும் தங்கல. வந்து பாக்கறாங்க, ஒண்ணும் இல்லன்னு போயிடறாங்க.'

யோசிச்சுப் பாருங்க தம்பி. செய்யக்கூடிய வேலை. அஞ்சு நிமிஷத்துல முடியற வேலை. அதைச் செய்யாமலே வச்சிருக்கறதுக்கு ஒரு சாயங்காலம் உழைக்கிறாங்களாம். எந்தக் கம்பெனியிலயாவது கேட்டிருக்கீங்களா இந்த அநியாயத்தை? எங்க முதலாளி இருந்தா தட்டித் தட்டியே விரல் வீங்கிப் போயிருக்கும். ஆனா அந்தப் பொண்ணோட குரல்ல ஏதோ இருந்துச்சு. அழுகை இல்ல. களைப்பு. நான் எதுத்துப் பேசல.

அதுவே சொல்லுச்சு, 'ஜெசிந்தாவுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் சார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணியோட முடியுது. அவங்களுக்குன்னு ஒரு வேலை போட்டிருக்கேன். நீங்க அதைத் தொடக் கூடாது. குறிப்பும் கூடாது. எனக்கு வாக்குக் கொடுங்க.' கொடுத்தேன். 'சனிக்கிழமை பெங்களூர்ல நம்ம ஆளுங்க எல்லாரும் கூடறோம், நீங்க கண்டிப்பா வரணும், நேர்ல பேசலாம், அந்த ப்ரிண்டர் ஒண்ணையும் எங்கயோ தேடிக் கொண்டு வரோம்'னு சொல்லுச்சு. எனக்குப் புரிஞ்சு போச்சு. மேடையில ஏதோ செய்யப்போறாங்க. ப்ரிண்டர் எதுக்குன்னுதான் விளங்கல. ஞாபகார்த்தமாக் கொடுப்பாங்களோ என்னவோ. அதை இந்த பஸ்ல எப்படித் தூக்கிக்கிட்டு வர்றதுன்னு வேற கவலை.

ஆமா, வெள்ளிக்கிழமைதான். இன்னைக்குத்தான். சரியாக் கேட்டீங்க.

இதோ பாருங்க, என் போன். காலையில வீட்டுல இருந்தே பாத்துக்கிட்டுதான் வரேன். பாக்கக் கூடாதுன்னு சொல்லலையே, தொடக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. சின்ன வேலை. குறிப்பு எழுதற ஒரு பலகை இருக்கு கூடுல, அதுல எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போனா கடைசியா எழுதின வரி காணாமப் போகுது. அது போகாமப் பாத்துக்கணும். அந்தப் பொண்ணு நேத்தே அனுப்பிருச்சு. அனுப்பினதும் அங்க ஒரு இயந்திரம் தானாவே சோதிச்சுப் பாக்கும். எல்லாச் சோதனையும் தேறிருச்சு, ஒண்ணுல மட்டும் சிவப்பு. காலையில திருத்தி அனுப்புச்சு, மறுபடி சிவப்பு. இப்ப கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிகிட்ட வரும்போது பாத்தேன், மறுபடியும் சிவப்பு. கீழ எழுதியிருக்கு, 'எங்கே தவறு என்று தெரியவில்லை. முயன்றுகொண்டிருக்கிறேன்.'

எனக்குத் தெரியும் தம்பி. பாத்த உடனே தெரிஞ்சுது. அந்தப் பொண்ணு காகிதத்துல எழுதி முடிச்சு உறையில போடறதுக்கு முன்னாடியே உறையை ஒட்டிடுது. ரெண்டே வரி. மேல இருக்கறதைக் கீழ, கீழ இருக்கறதை மேல. அவ்வளவுதான். மணி நாலு தாண்டிருச்சு. ஒரு குடும்பத்தோட வாழ்க்கை தம்பி. ரெண்டு வரியில கிடக்கு.

வாக்குக் கொடுத்தேன்தான். இல்லைங்கல. ஆனா வாக்கு பெரிசா, ஒரு பொண்ணோட எதிர்காலம் பெரிசா? நானே என்னைக் கேட்டுப் பாத்துட்டேன், ஆம்பூர் தாண்டினதுல இருந்து கேட்டுக்கிட்டேதான் வரேன். தொடறது வேற, காப்பாத்தறது வேற.

ஒரு சின்ன உதவி பண்ணுங்க. லேப்டாப் இதோ இருக்கு. என் போன்ல இன்னைக்கு உண்டான நெட்டு தீந்து போச்சு. காலையில கூடு மொத்தத்தையும் புதுசா இறக்கினேன், அது தின்னுருச்சு. இப்ப வெறும் எழுத்து மட்டும் ஊர்ந்து வருது, இங்க இருந்து எதுவும் போக மாட்டேங்குது. உங்க போன்ல ஹாட்ஸ்பாட் கொஞ்சம் போடுங்க. ரெண்டு நிமிஷம். ரெண்டு வரி.

சார்ஜ் இல்லையா? அடடா. பரவால்ல, என்கிட்ட பவர் பேங்க் இருக்கு. இதோ. ஏன் தம்பி, மாட்டுங்க. வயர் பொருந்தாதா? காட்டுங்க பாப்போம், எல்லா வகை வயரும் வச்சிருக்கேன் நான். கம்பெனியிலயே என் டிராயர்ல இல்லாத வயர் கிடையாது. எடுங்க போனை.

எடுங்களேன்.

அடிக்குது பாருங்க. உங்க பாக்கெட்லதான். சார்ஜ் இல்லாத போன் அடிக்குது.

எடுத்துப் பேசுங்க. வீட்டுல தேடுவாங்க.

பேசியாச்சா? சரி. இல்ல, நான் ஒண்ணும் நினைக்கல. உங்க போன், உங்க இஷ்டம். இவ்வளவு நேரம் என் பேச்சைக் கேட்டுக்கிட்டு வந்தீங்க, தலையைத் தலையை ஆட்டினீங்க, நான் உங்களுக்குப் புரியுதுன்னு நினைச்சேன். இல்ல, புரிஞ்சதுனாலதான் கொடுக்கலையா? முகத்தைத் திருப்பாதீங்க தம்பி, நான் சண்டைக்கு வரல. நீங்களும் உதவி செய்யாதீங்கன்னுதான் சொல்றீங்க, வாயால சொல்லல, அவ்வளவுதான். செண்பகம், ஃபர்ஹானா, அந்தப் பொண்ணு, இப்ப நீங்க. முன்னப்பின்ன பாக்காத மனுஷன். நாலு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேசி வச்சுக்கிட்ட மாதிரி.

கொஞ்சம் ஜன்னலைத் திறங்க. காத்து வரட்டும்.

ஓசூரா இது? லாரியா நிக்குது. இன்னும் எவ்வளவு நேரமோ.

மணி அஞ்சாகப் போகுது. போச்சு. பாவம் அந்தப் பொண்ணு. ரெண்டு வரி தம்பி. நான் உங்களைக் குத்தம் சொல்லல. ரெண்டு வரி.

இருங்க. ஏதோ வருது. மெதுவாத்தான் வரும்.

பச்சை.

பச்சையாயிருச்சு. எப்படி? இருங்க, இருங்க, படிக்கிறேன். அந்த ரெண்டு வரியை அது மாத்தவே இல்ல. அது பாட்டுக்கு வேற ஒரு வழியில போயிருக்கு. முதல்ல ஒரு நகல் எடுத்து வச்சு, அதைச் சரிபாத்து, அப்புறம்தான் பழசை அழிக்குது. ரெண்டு வரியில முடியறதுக்குப் பன்னெண்டு வரி. நீளம். ஆனா, ஒண்ணு சொல்லணும். பாதியில கரண்ட் போனா, என் ரெண்டு வரியும் ஒரு சமயம் தோத்துப் போகும். இது தோக்காது. அதை நான் யோசிக்கல. யானோஷ் சேத்துக்கிட்டார். ஒரு குறிப்புகூட இல்ல, வெற்று வரி அது இதுன்னு ஒண்ணும் இல்ல. 'நன்று'ன்னு மட்டும் போட்டிருக்கார். எனக்கு அந்த ஆளு நன்றுன்னு ஒரு தடவையும் போட்டதில்ல.

இன்னொண்ணு வருது. அந்தப் பொண்ணுதான். எல்லாருக்கும் எழுதியிருக்கு. படிக்கிறேன் கேளுங்க. 'ஃபர்ஹானாவுக்கும் யானோஷுக்கும் நன்றி. தணிகாசலம் சாருக்குத் தனியாக ஒரு நன்றி. என் தவறு எங்கே என்று அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கும். ஆனாலும் சொல்லாமல் இருந்தார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.'

நீங்க சிரிக்கலாம் தம்பி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

பதில் போடணும். போடாட்டி மரியாதை இல்ல. என்ன போடறது? 'அம்மா, நான் சொல்லத்தான் இருந்தேன், பக்கத்துல உக்காந்திருந்த ஒரு தம்பி விடல'ன்னு அடிச்சேன். அடிச்சுட்டுப் பாத்தேன். நல்லாயில்ல. பஸ்ஸு, ஹாட்ஸ்பாட்டுன்னு அவ்வளவு பெரிய கதையைப் பொது இடத்துல எதுக்குப் போடணும்? சந்தோஷமா இருக்கற நேரத்துல அந்தப் பொண்ணு மனசை ஏன் குழப்பணும்? என்னையே கேட்டுப் பாத்தேன். இது ஒளிக்கறதா தணிகாசலம்னு. இல்ல, இது பெருந்தன்மை. அதை அழிச்சுட்டேன்.

'பரவாயில்லைம்மா'ன்னு மட்டும் போட்டேன்.

போயிருச்சு. ஒரே வார்த்தைங்கறதுனால ஊர்ந்து ஊர்ந்து போயிருச்சு.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? நான் சொல்லலதானே தம்பி. அது உண்மைதானே.